பின்பக்கத்திலிருந்து ஒரு அழைப்பு

சாயங்காலம் 7 மணிக்கே ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன். தூக்கம் வராது. பக்கத்து வீட்டில் சீரியல் சத்தம், தெருவில் பிள்ளைகளின் கிரிக்கெட். எப்போது கண் அசந்தேன் என்று தெரியாமல் அசந்து, 11:45-க்கு அலாரம் அடிக்கும்போது உடம்பே நம்முடையது இல்லை என்று தோன்றும். முகம் கழுவி, கொண்டை போட்டு, புடவையின் பின்னைச் சரிபார்த்து முடிக்கவும் கம்பெனி வண்டி வாசலில் ஹாரன் அடிக்கவும் சரியாக இருக்கும். பல்லாவரத்தில் வீடு. பத்தே நிமிடத்தில் மீனம்பாக்கம். இப்படிப் பன்னிரண்டு வருடம் விமானத்தில் கேபின் க்ரூ, அதாவது பணிப்பெண் வேலை பார்த்தேன்.

சென்னையிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் நிறைய நடுராத்திரிக்கு மேல்தான் கிளம்பும். ஊரே தூங்கும் நேரத்தில் விமான நிலையம் மட்டும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். முதல் தடவை துபாய் போகும் தம்பிகள், மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகும் அம்மாக்கள், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள். அந்த நேரத்தில் க்ரூவுக்குள் என்ன பேசிக்கொள்கிறோம், என்ன பேசாமல் விடுகிறோம் என்பது பற்றித்தான் இதை எழுதுகிறேன். பயணிகளுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் எனக்கு இன்னும் மனதிலிருந்து போகவில்லை.

முதலில் என் தவறு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். 3:10-க்குக் கிளம்ப வேண்டிய விமானம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கேப்டன், கோ-பைலட், கேபின் க்ரூ எல்லோரும் நின்று பேசும் பிரீஃபிங் என்று ஒன்று உண்டு. வானிலை, பயண நேரம், அவசரத்தில் என்ன சமிக்ஞை, யார் எந்தக் கதவு, இதையெல்லாம் பேச வேண்டும். அன்றைக்கு வந்த கேப்டன் காதில் போனோடு வந்தார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, "எல்லாம் வழக்கம்போலத்தான். கேள்வி இருக்கா? இல்லையா? சரி" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஓடுபாதையில் வேகம் எடுத்ததும் பின்பக்க வலது கதவுக்கு வெளியே ஒரு சத்தம். டப், டப், டப் என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல. வேகம் கூடக்கூட அது படபடவென்று ஒரே இரைச்சலாகிவிட்டது. எதிர் ஜம்ப் சீட்டில், அதாவது க்ரூவுக்கான மடக்கு இருக்கையில், இருந்த பெண்ணும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காக்பிட்டோடு பேசும் இன்டர்போனில் கை வைத்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன்.

ஏன் எடுத்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டைத் தேவையில்லாமல் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒரு விதி உண்டு. ஸ்டெரைல் காக்பிட் என்பார்கள். 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்த ஒரு விமானம், பைலட்டுகள் அரசியலும் கார் விலையும் பேசிக்கொண்டே இறங்கியதில் தரையில் மோதியது. அப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு 1981-இல் அங்கே சட்டமாக வந்து, பிறகு உலகம் முழுக்கப் பரவிய விதி அது. நல்ல விதிதான். ஆனால் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எதையும் அந்த நேரத்திலும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அந்த நொடியில் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது விதி இல்லை. காதில் போனோடு தலையாட்டிய அந்த முகம்தான்.

10,000 அடி தாண்டிய பிறகும் நேராகக் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் சீனியரிடம் சொன்னோம். அவர் காபி கொண்டுபோகும்போது சொன்னார். அதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஓடிவிட்டது. கேபின் அழுத்தம் சரியாக இருந்ததால், தரையில் உள்ளவர்களோடு பேசிவிட்டுக் கேப்டன் பயணத்தைத் தொடர்ந்தார். இறங்கிய பிறகு பார்த்தால், கதவு திறந்திருக்கும்போது குறுக்கே மாட்டும் பாதுகாப்புப் பட்டையின் ஒரு முனை கதவில் சிக்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கொக்கி அடித்து அடித்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய் அலுமினியம் தெரிந்தது. கேப்டன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எப்போதிலிருந்து சத்தம்?" என்று கேட்டார். "டேக்-ஆஃபிலிருந்து, சார்" என்றேன். அவர் திட்டவில்லை. ஒன்றுமே சொல்லாமல் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதிர்ஷ்டவசமாக அது வெறும் பட்டை. அதே மௌனத்துக்கு 47 பேர் உயிரைக் கொடுத்த கதை ஒன்றைப் பிறகு பயிற்சி வகுப்பில் கேட்டேன்.

1989 ஜனவரி 8. லண்டன் ஹீத்ரோவிலிருந்து இரவு 7:52-க்கு பெல்ஃபாஸ்டுக்குக் கிளம்பியது பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400. உள்ளே 126 பேர். கிளம்பிப் பதின்மூன்று நிமிடத்தில், 28,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, இடது இன்ஜினின் விசிறித் தகடு ஒன்று முறிந்தது. விமானம் முழுக்க அதிர்வு, புகை வாசனை. எந்த இன்ஜின் என்று கேப்டன் கேட்கிறார். கோ-பைலட் 'இடது' என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் மாற்றி 'வலது' என்கிறார். வலது இன்ஜினின் வேகத்தைக் குறைக்கிறார்கள். தற்செயலாக அதே நேரத்தில் இடது இன்ஜினின் அதிர்வும் புகையும் தணிகின்றன. சரியானதைத்தான் செய்தோம் என்று நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இன்ஜினை நிறுத்தியும் விடுகிறார்கள்.

இரவு என்பதால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இடது பக்கம் நெருப்புப் பொறி பளிச்சென்று தெரிந்தது. பயணிகள் பார்த்தார்கள். பின்பக்கம் இருந்த க்ரூவும் பார்த்தார்கள். பைலட்டுகளுக்கோ தங்கள் இருக்கையிலிருந்து இன்ஜின் தெரியாது. கேப்டன் அமைதியான குரலில், வலது இன்ஜினில் கோளாறு, அதனால்தான் புகை வந்தது, அதை நிறுத்திவிட்டோம், பத்து நிமிடத்தில் இறங்குவோம் என்று அறிவித்தார். 'வலது என்கிறாரே, நாம் பார்த்தது இடது ஆயிற்றே' என்று சில பயணிகள் குழம்பினார்கள். ஒருவர்கூட க்ரூவிடம் கேட்கவில்லை. நெருப்பைப் பார்த்த க்ரூவோ, அறிவிப்பில் 'வலது' என்று சொன்னது தங்கள் காதில் விழவில்லை என்று பிறகு விசாரணையில் சொன்னார்கள். பதற்றமான பயணிகளைச் சமாளித்துக்கொண்டு, உணவுத் தட்டுகளை வாரிக்கொண்டிருந்தால் எப்படி விழும்? எனக்கு அது நன்றாகவே புரிகிறது. நானும் எத்தனையோ அறிவிப்புகளைக் கேட்காமலே கேட்டிருக்கிறேன்.

ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்துக்கு நாலரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இடது இன்ஜினும் நின்றுவிட்டது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், கெக்வொர்த் ஊருக்குப் பக்கத்தில், எம்1 நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. அதற்குப் பிறகுதான், பைலட்டுகளும் கேபின் க்ரூவும் சேர்ந்து அவசரநிலைப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. புது ரக விமானத்தில் அதிர்வுமானி மிகச் சிறியதாக இருந்தது, அந்த ரகத்துக்குத் தனி சிமுலேட்டர் பயிற்சி இல்லாதது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பத்து நிமிடத்திலேயே போய் நிற்கிறது. "கேப்டன், நெருப்பு இடது பக்கம்" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்லப் பின்பக்கம் ஆட்கள் இருந்தார்கள், கேட்க முன்பக்கம் ஆட்கள் இருந்தார்கள். நடுவில் போன் இருந்தது.

இடது, வலது என்பதிலேயே எங்கள் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. முன் கதவருகே உள்ள ஜம்ப் சீட்டில் நாங்கள் பயணிகளைப் பார்த்து, அதாவது விமானத்தின் வாலைப் பார்த்து உட்காருவோம். அப்போது என் இடது கை விமானத்தின் வலது பக்கம். தூக்கக் கலக்கத்தில், அதிகாலை 3 மணிக்கு, பயத்தில், யாராக இருந்தாலும் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். அதனால் எங்களில் பலர் 'ஏ சீட் பக்கம்', 'எஃப் சீட் பக்கம்' என்றுதான் சொல்வோம். ஏ சீட் எப்போதும் கேப்டன் பக்கம், அதாவது விமானத்தின் இடது பக்கம். இது எந்தப் பாடத்திலும் படித்ததில்லை, ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தது. அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

சொன்னால் மட்டும் போதாது, எப்படிச் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. 2006 ஆகஸ்ட் 27, அமெரிக்காவில் லெக்சிங்டன். விடிவதற்கு முந்தைய இருட்டில் கிளம்பிய காம்ஏர் விமானம், 7,000 அடி நீள ஓடுபாதைக்குப் பதில் அதில் பாதி நீளமே உள்ள, விளக்கே எரியாத இன்னொரு ஓடுபாதையில் ஏறிவிட்டது. வேகம் எடுக்கும்போது கோ-பைலட், விளக்கே இல்லாமல் விநோதமாக இருக்கிறதே என்று சொல்கிறார். ஆமாம் என்கிறார் கேப்டன். அவ்வளவுதான். விமானம் நிற்கவில்லை. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள். சரியானதைச் சரியான நேரத்தில் பார்த்து, வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார். ஆனால் அது எச்சரிக்கையாகப் போய்ச் சேரவில்லை, பேச்சோடு பேச்சாகப் போய்விட்டது.

அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடம்பின் கடிகாரம் மிகவும் தாழ்ந்து கிடக்கும் நேரம் என்று நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் விதிகளிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் கை வேலை செய்யும். பழகிய கை, கதவைப் பூட்டும், பெல்ட்டைச் சரிபார்க்கும். பேச்சுதான் முதலில் குறைந்துபோகும். பத்து வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு வரும், அதுவும் மெதுவாக வரும். இது என் அனுபவத்திலிருந்து சொல்வது. பகல் விமானத்தில் வாய் ஓயாமல் பேசும் பெண்கள் அந்த நேரத்தில் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள்.

நம் ஊரிலேயே ஓர் இரவு உண்டு. 2018 அக்டோபர் 12, அதிகாலை 1:20 வாக்கில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். 130 பயணிகள், 6 க்ரூ. ஓடுபாதை முடிந்தும் போதிய உயரம் ஏறாமல், அதற்கு அப்பால் இருந்த ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துக்கொண்டு போனது. அடிவயிறு கிழிந்த நிலையிலேயே அரபிக்கடல் மேல் பறந்து, பிறகு திருப்பிவிடப்பட்டு விடியற்காலையில் மும்பையில் இறங்கியது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இடித்த பிறகும் காக்பிட்டில் எல்லாம் சரியாகவே காட்டியதாம். தரையிலிருந்துதான் சொன்னார்கள். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது கேப்டனின் இருக்கைச் சாய்மானம் திடீரென்று பின்னால் சரிந்திருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் இன்ஜின் விசை குறைந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை என்பது விசாரணையில் தெரிய வந்தது. அடுத்த நாள் அந்தச் சுவரின் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது, பின்பக்க ஜம்ப் சீட்டில் இருந்த பெண்களைத்தான் நினைத்தேன். ஒரு சத்தம், ஒரு குலுக்கல். அப்புறம் இருட்டில் மணிக்கணக்காகப் பயணிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு.

"டேக்-ஆஃபுக்கு முன்னால் எதற்கம்மா விளக்கை அணைக்கிறீர்கள்?" என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருட்டில் இறங்கி ஓட வேண்டி வந்தால் எதுவும் தெரியாது. முதலிலேயே கொஞ்சம் பழகியிருந்தால் வழி காட்டும் விளக்கும் தெரியும், வெளியே நெருப்பு இருந்தால் அதுவும் தெரியும். ஜன்னல் மூடியைத் திறக்கச் சொல்வதும் அதற்காகத்தான். விளக்கு மங்கியதும் நாங்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, மனதுக்குள் ஒரு ஒத்திகை பார்ப்போம். சைலன்ட் ரிவ்யூ என்று பெயர். என் கதவு எப்படித் திறக்கும். வெளியே நெருப்பு இருந்தால் எந்தக் கதவுக்கு அனுப்புவேன். எனக்கு உதவக்கூடியவர் யார், எந்த சீட். சென்னையில் கிழக்கு நோக்கிய 07 ஓடுபாதையில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் கடல். அப்படியென்றால் லைஃப் ஜாக்கெட். முப்பது நொடிதான். நான் அதில் சொந்தமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: தமிழில் எப்படிக் கத்துவேன்?

ஏனென்றால் அவசரத்தில் கத்த வேண்டிய கட்டளைகள் எங்களுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் மனப்பாடம். அந்த விமானத்தில் பாதிப் பேர் புதுக்கோட்டையிலும் ராமநாதபுரத்திலும் இருந்து வந்தவர்கள். 2024 ஜனவரி 2 மாலை டோக்கியோ ஹனேடாவில், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் கிளம்பக் காத்திருந்த கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியும் இன்டர்போனும் வேலை செய்யாத நிலையில், கேபின் க்ரூ மெகாபோனிலும் வெறும் குரலிலும் கத்தித்தான் அவர்களை இறக்கினார்கள். பின்பக்க இடது கதவை, காக்பிட்டோடு பேச முடியாத நிலையில், அங்கிருந்த க்ரூவே முடிவு செய்து திறந்தார். பயணிகளுக்குப் புரியும் மொழியில் கத்தியதால்தான் பையை எடுக்காமல் வந்தார்கள் என்று நினைக்கிறேன். "பெல்ட்டைக் கழட்டுங்க! பையை விடுங்க! இந்தப் பக்கம் வாங்க!" என்று வீட்டு மொட்டை மாடியில் நின்று கத்திப் பழகியிருக்கிறேன். அம்மா பயந்து மேலே ஓடி வந்தார்.

இனி என் இன்னொரு இரவு. வேறு நிறுவனம், என் ஒன்பதாவது வருடம், 2:40-க்குக் கிளம்பும் தோஹா விமானம். கேப்டன் கோட்டயத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். பிரீஃபிங்கில் முதலில் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டார், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று கேட்டார். பிறகு சொன்னார்: "ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே என்னைக் கூப்பிடுங்கள். ஓடுபாதையில் இருந்தாலும் சரி. மூன்றே விஷயம் சொன்னால் போதும். எந்தப் பக்கம், என்ன பார்த்தீர்கள், எப்போதிலிருந்து. அது என்னவாக இருக்கும் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். அது என் வேலை." ஆறு மாத அனுபவம் உள்ள சின்னப் பெண்ணைப் பார்த்து, அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள்.

விமானத்தைப் பின்னால் தள்ளிவிடும் புஷ்பேக் முடிந்து, ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தோம். விளக்கு மங்கியாயிற்று. 22ஏ-வில் இருந்து அழைப்பு மணி. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், ஐம்பது வயது இருக்கும். "தங்கச்சி, றெக்கை நுனியில ஏதோ ஒழுகுது" என்றார். "மழைத் தண்ணிங்க ஐயா" என்று சொல்ல வாயெடுத்தேன். சாயங்காலம் மழை பெய்திருந்தது. அவர் விடவில்லை. "நான் கத்தார்ல டேங்கர் லாரி ஓட்டுறவன்மா. தண்ணின்னா விட்டு விட்டுச் சொட்டும். இது நூல் மாதிரி விடாம விழுது, பாரு."

குனிந்து ஜன்னலில் முகத்தை ஒட்டினேன். கண் இருட்டுக்குப் பழகியிருந்ததால் தெரிந்தது. நுனியில் சிவப்பு விளக்கு. விமானம் திரும்பும்போது ஒரு கம்பத்து விளக்கின் வெளிச்சம் குறுக்கே வந்தது. அந்த வெளிச்சத்தில், நுனிக்குக் கொஞ்சம் உள்பக்கமாக, கண்ணாடி நூல் மாதிரி ஒன்று நேராகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. காற்றில் லேசாக வளைந்தது. அறுந்துபோகவில்லை.

நடந்துபோய் இன்டர்போனை எடுத்தேன். கை நடுங்கியது. "கேப்டன், ஏ சீட் பக்கம். இறக்கை நுனியிலிருந்து திரவம் விடாமல் விழுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேலாக." ஒரு நொடி மௌனம். "நன்றி. நிற்கிறேன்" என்றார். பிரேக் பிடிப்பது காலில் தெரிந்தது.

விமானம் நிறுத்தும் இடத்துக்கே திரும்பினோம். எரிபொருள்தான். டேங்க் நிரம்பியதும் தானாக மூட வேண்டிய வால்வு ஒன்று மூடாமல் அளவுக்கு மேல் நிரம்பி, நுனியில் உள்ள துவாரம் வழியாக வெளியேறியிருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்து நின்றது, பொறியாளர்கள் ஏணியோடு வந்தார்கள். உள்ளே பயணிகள் கோபப்பட்டார்கள், ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. கேப்டன் காக்பிட்டை விட்டு வந்து 22ஏ வரை நடந்துபோய், அந்த அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் ஏதோ சொன்னார். அவர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுபடி கிளம்பும்போது மணி 5:35. கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. ஓடுபாதையின் முனைக்குப் போகும் வழியில் பின்பக்க இன்டர்போன் அடித்தது. கேப்டன்தான். "பின்னால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு 22ஏ வரை போனேன். அவர் தூங்கிவிட்டிருந்தார். அவர் தலைக்கு மேலாகக் குனிந்து இறக்கையைப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் போய் 22எஃப்-இலும் பார்த்தேன். திரும்பி வந்து போனை எடுத்தேன்.

"இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறது, கேப்டன்."